சிவப்பு வீடு: வடக்கு பார்த்த கூடம் பிழையா, திட்டமா?

செங்கற்சுவடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தென்கிழக்கு லண்டனில் பத்தாண்டுகளாக இருந்தும், பஸ்ஸில் போகும் தூரத்தில் உள்ள பெக்ஸ்லிஹீத் சிவப்பு வீட்டைப் போன வாரம்தான் முதன்முறையாகப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'ரெட் ஹவுஸ்'. 1859இல் வரைந்து, 1860இல் குடிபுகுந்த வீடு. கட்டச் சொன்னவர் கவிஞரும் அலங்கார வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ்; வரைந்தவர் அவருடைய நண்பர், கட்டடக் கலைஞர் பிலிப் வெப். ஒருவருக்கு 25 வயது, மற்றவருக்கு 28. வெப் தனியாகத் தொழில் தொடங்கி வரைந்த முதல் வீடு இதுதான்.

வெளியிலிருந்து பார்த்தபோது சில நிமிடம் அசையாமல் நின்றுவிட்டேன். பூச்சில்லாத சிவப்புச் செங்கல். செங்குத்தாக இறங்கும் சிவப்பு ஓட்டுக் கூரை. உயர்ந்த புகைபோக்கிகள். கூரையின் மேல் காற்றுத் திசைகாட்டியில் மாரிஸின் பெயரெழுத்துகளும் 1859 என்ற ஆண்டும். பின்பக்கம் போனால், 'ட' போல மடங்கிய இரண்டு கட்டுகளுக்கு நடுவே ஒரு கிணறு. அதற்குக் கூம்பு வடிவத்தில் ஓடு வேய்ந்த கூரை. அந்தக் கிணற்றடியை விட்டு வர எனக்கு மனமில்லை.

உள்ளே போனதும்தான் குழப்பம் வந்தது. கீழே உணவுக்கூடம், அதன் மேலே மாடியில் வரவேற்புக்கூடம். வீட்டின் முக்கியமான இந்த இரண்டு அறைகளும் வடக்கு பார்த்தவை. நான் போனது மேகமூட்டமான நாள். பகல் இரண்டு மணிக்கே உணவுக்கூடத்தில் மங்கல். வெயில் விழக்கூடிய தெற்குப் பக்கத்தில், கிணற்று முற்றத்தை ஒட்டி, வெறும் நடைவழி ஓடுகிறது. உட்காரும் இடத்துக்கு இருட்டு, நடந்து போகும் இடத்துக்கு வெளிச்சம்!

வீடு கட்டுவோர், படிப்போர், பழுது பார்ப்போர் பலர் இங்கே இருக்கிறீர்கள். இது இளம் கட்டடக் கலைஞர் செய்த பிழையா? அல்லது நான் எதையாவது பார்க்கத் தவறினேனா?

---

காரைக்கரண்டி

நண்பரே, பிழைதான். முப்பத்தொரு ஆண்டு அரசுப் பொறியாளராகக் கட்டடங்களோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்.

கணக்கு எளிது. லண்டன் ஏறத்தாழ 51.5 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தொடுவானத்துக்கு மேலே 15 பாகை அளவுதான் ஏறும். அதே நாளில் சென்னையில் 53 பாகைக்கு மேல். நம் ஊரில் வெயிலுக்கு ஒளிந்து வாழ்கிறோம்; வடக்குச் சுவரில் ஜன்னல் வைத்தால் வீடு குளிரும், நல்லது. அங்கே வெயிலைத் தேடிப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். வடக்குச் சுவருக்கு நேர் வெயில் கிடைப்பது கோடையில் அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் மட்டுமே. இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரை அந்தச் சுவர் வெயிலையே காணாது.

அழகு, கலை எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் மனிதன் உட்கார்ந்து சாப்பிடும் அறைக்கு ஆறு மாதம் வெயிலே இல்லை என்றால், அதைத் திட்டம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

---

மஞ்சிட்டி

காரைக்கரண்டி ஐயாவின் கணக்கை மறுக்கவில்லை. நான் துணிக்குச் சாயம் போடுபவள். இந்தக் கேள்வியை என் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

அந்த வீட்டின் சுவர்கள் வெறும் சுவர்களாக இருக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவே இல்லை. மாடி வரவேற்புக்கூடத்தில் மாரிஸின் நண்பரான ஓவியர் பர்ன்-ஜோன்ஸ், 'சர் டெக்ரெவான்ட்' என்ற இடைக்காலக் கதையிலிருந்து மூன்று காட்சிகளை நேரே சுவரில் தீட்டினார். திருமண விருந்துக் காட்சியில் மணமக்களாக இருப்பவர்கள் மாரிஸும் அவர் மனைவி ஜேனும்தான். உணவுக்கூடத்துக்காகப் புகழ்பெற்ற பெண்களின் உருவங்களைப் பன்னிரண்டு தொங்குதிரைகளில் பூத்தையலாகச் செய்யத் திட்டமிட்டார்கள். அது முழுதாக முடியவில்லை. படுக்கையறைக்கென ஜேன் லண்டனில் ஒரு கடையில் நீலக் கம்பளித் துணியைக் கண்டெடுத்து வந்து, கணவனும் மனைவியுமாக அதில் வெள்ளை, மஞ்சள், சிவப்புப் பூங்கொத்துகளைத் தைத்தார்கள். டெய்சித் திரை என்று இன்றும் பெயர் சொல்கிறார்கள். இப்போது, மாரிஸ் பின்னாளில் வாழ்ந்த கெல்ம்ஸ்காட் மாளிகையில் இருக்கிறது.

நேர் வெயில் படும் சுவரில் இவற்றை மாட்டினால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். மஞ்சள்தான் முதலில் போகும். பச்சை என்பது அந்தக் காலத்தில் நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றியது. மஞ்சள் வெளுத்தால் இலைகளெல்லாம் நீலமாகிவிடும். பழைய தொங்குதிரைகளில் நீல நிறக் காடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காடுகள் ஒரு காலத்தில் பச்சையாக இருந்தவை. வடக்கு வெளிச்சம் குறைவுதான், ஆனால் நாள் முழுவதும் ஒரே சீராக இருக்கும். ஓவியர்கள் வடக்கு ஜன்னலைத் தேடுவதற்குக் காரணம் அதுவே.

வெப் இதை எழுதி வைத்தாரா என்று கேட்காதீர்கள். நான் சொல்வது என் ஊகம். ஆனால் அந்த வீட்டை ஓவியம் வைக்கும் பேழையாகவும் நினைத்துப் பாருங்கள்.

---

காரைக்கரண்டி

அம்மா, பேழையில் ஓவியம் குடியிருக்கலாம். கைக்குழந்தைகள் குடியிருக்க முடியுமா? 1861இலும் 1862இலும் இரண்டு பெண் குழந்தைகள் அந்த வீட்டில்தான் பிறந்தார்கள்.

---

தாழ்வாரம்

விவாதம் திசையிலேயே நின்றுவிடக் கூடாது என்பதால் குறுக்கிடுகிறேன். கட்டடக் கலை படித்துவிட்டு இங்கிலாந்தில் பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். சிவப்பு வீட்டுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் ஜன்னல்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைய லண்டனில் வசதியுள்ளவர் வீடு எப்படி இருந்தது? செங்கல்லில் கட்டி, அதன் மேல் சாந்து பூசி, சாந்தில் கோடு கீறி, வெளிர் வண்ணம் அடித்து, பார்ப்பவர் கண்ணுக்குக் கருங்கல் கட்டடம் போலக் காட்டுவார்கள். ஜன்னல்கள் இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒத்திருக்க வேண்டும். அப்படி ஒத்திருப்பதற்காக உள்ளே அறையின் நடுவில் ஜன்னல் வராமல் மூலையில் வந்தாலும் கவலைப்பட மாட்டார்கள். வெளித்தோற்றம் முதலாளி, அறை வேலையாள்.

வெப் இதைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு ஜன்னலும் அதன் பின்னால் இருக்கும் அறைக்கு எங்கே வேண்டுமோ அங்கே இருக்கிறது. மாடிப்படிக்கு உயரமான குறுகிய ஜன்னல். மேல்மாடி நடைவழிக்கு வட்ட ஜன்னல். வரவேற்புக்கூடத்தின் மேற்குச் சுவரில் வெளியே பிதுங்கி நிற்கும் ஜன்னல் மாடம். வெளியில் நின்று பார்த்தாலே உள்ளே எது படி, எது நடைவழி, எது கூடம் என்று சொல்லிவிடலாம். சுவர் பொய் சொல்வதில்லை.

இன்னொன்றைப் பொறியாளர் ஐயா ரசிப்பார் என்று நம்புகிறேன். தேவாலயங்களில் வருவது போன்ற கூர்முனை வளைவுகள் பல ஜன்னல்களின் மேல் இருக்கின்றன. ஆனால் ஜன்னல் கூர்முனையாக இல்லை! மேலும் கீழும் நகரும் சாதாரணச் செவ்வகச் சட்ட ஜன்னல்தான். மேலே உள்ள சுவரின் பாரத்தைக் கூர்முனை வளைவு வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் இறக்கிவிடுகிறது. வளைவுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடத்தைச் செங்கல்லால் அடைத்திருக்கிறார்கள். தச்சர் எளிதாகச் செய்யக்கூடிய மரச்சட்டம் கீழே. பாரம் தாங்கும் கொத்தனார் வேலை மேலே. இடைக்காலத் தேவாலயங்களின் கோதிக் பாணியை ஒட்டவைத்த அலங்காரமாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வேலை செய்யும் வளைவாக எடுத்துக்கொண்டார்.

வீட்டு வரலாற்றில் பலர் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு: வரி. பிரிட்டனில் கண்ணாடிக்கு இருந்த வரி 1845இல் நீங்கியது, செங்கல் வரி 1850இல், ஜன்னல் வரி 1851இல். இந்த மூன்றும் போன பத்தாண்டுக்குள் இந்த வீடு எழுகிறது. செங்கல்லையே முகமாகக் காட்டும் துணிவும், விரும்பிய இடத்தில் ஜன்னல் திறக்கும் உரிமையும் வெப்பின் கற்பனையில் மட்டும் பிறந்தவை அல்ல.

திசையைப் பற்றி: பெரிய அறைகள் வடக்கு பார்த்தது குறைதான். நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குறையை வைத்து வீட்டை அளப்பது நியாயமில்லை.

---

பழையகதவு

தாழ்வாரம் அவர்களின் பதிவு அருமை. ஆனாலும் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். இது பாடநூல்களிலும் வழிகாட்டிகளின் பேச்சிலும் திரும்பத் திரும்ப வரும் மிகை.

"வெப் இதைத் தலைகீழாக மாற்றினார்" என்கிறீர்கள். அவருக்கு முன்பே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அன்று சிவப்பு வீடும் சேர்ந்திருந்த கென்ட் மாவட்டத்தில், ராம்ஸ்கேட்டில், கட்டடக் கலைஞர் பியூஜின் தனக்கென 1843–44இல் கட்டிக்கொண்ட 'கிரேஞ்ச்' வீட்டைப் பாருங்கள். அதுவும் செங்கல், அதுவும் உள்ளிருந்து வெளியே திட்டமிட்டது, ஒத்த தோற்றத்துக்காக ஜன்னலை நகர்த்தாதது. அடுத்து இன்னொரு கட்டடக் கலைஞர், பட்டர்ஃபீல்ட். 1840களிலிருந்தே பாதிரியார் குடியிருப்புகளையும் கிராமப் பள்ளிகளையும் இந்த எளிய முறையில் கட்டிவந்தார். ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட்டும் அப்படியே. வெப் வேலை கற்றது எங்கே? ஆக்ஸ்ஃபோர்டில் அதே ஸ்ட்ரீட்டின் அலுவலகத்தில். 1856இல் அங்கே பயிற்சிக்கு வந்த மாரிஸை அவர் சந்தித்ததும் அங்கேதான். பட்டர்ஃபீல்டின் கட்டடங்களை வெப் தம் குறிப்பேட்டில் வரைந்து பழகியிருக்கிறார்.

ஆகவே இது வானத்திலிருந்து விழுந்த வீடு இல்லை. ஒரு நல்ல பாதிரியார் வீட்டைப் பாதிரியார் அல்லாத ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பிறகு எப்படி இது "முதல் நவீன வீடு" ஆனது? லண்டனில் ஜெர்மன் தூதரகத்தில் பணியாற்றிய ஹெர்மன் முத்தேசியஸ் 1904இல் வெளிவரத் தொடங்கிய தம் ஆங்கில வீடுகள் பற்றிய நூலில் இதை நவீன வீட்டின் தொடக்கமாக வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். முன்னோர்களின் பெயரை அழித்துவிட்டு ஒருவரை உயர்த்துவது வெப்புக்கே பிடித்திருக்காது என்று நினைக்கிறேன்.

---

தாழ்வாரம்

ஏற்றுக்கொள்கிறேன். "தலைகீழாக மாற்றினார்" என்பது தவறான சொல். பியூஜினையும் பட்டர்ஃபீல்டையும் சொல்லாமல் விட்டது என் தவறு.

ஆனால் "அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டீர்களே, அதை ஏற்க முடியவில்லை. பாதிரியார் வீட்டைக் கட்டி முடித்துச் சாவியைக் கொடுத்தால் வேலை தீர்ந்தது. இங்கே சாவியைக் கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கியது. மேசை, நாற்காலி, மெழுகுவர்த்தித் தாங்கி, கண்ணாடிக் குவளை வரை, கடையில் வாங்கியது எதுவும் பிடிக்காமல் வெப்பே வரைந்தார். உணவுக்கூடத்தில் இன்றும் நிற்கும் உயரமான பாத்திர அலமாரி அவர் வரைந்தது. அதன் அடர்சிவப்பு வண்ணத்துக்கு 'டிராகன் இரத்தம்' என்று பெயர். நண்பர்கள் சனி ஞாயிறுகளில் ரயிலில் வந்து இறங்கி, சுவரிலும் கூரையின் உட்புறத்திலும் வண்ணம் தீட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பழக்கத்திலிருந்து 1861இல் 'மாரிஸ், மார்ஷல், ஃபாக்னர் அண்ட் கோ' என்ற நிறுவனம் பிறந்தது. ஒரு வீட்டை நிறைக்கப் போய் ஒரு தொழில் உருவானது. பியூஜின் வீட்டின் உட்புறத்தையும் பியூஜினே வரைந்தார், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நண்பர் கூட்டமே கைவேலையாகச் சேர்ந்து செய்ததற்கு இணையாக அந்தக் காலத்தில் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இன்னொரு சிறிய செய்தி. தோட்டத்தைக் குச்சி வேலிகளால் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, வேலியில் ரோஜாக் கொடி ஏற்றியிருந்தார்கள். அந்த வேலியும் ரோஜாவும்தான் மாரிஸ் வரைந்த முதல் சுவர்த்தாளாக மாறியது: 'டிரெல்லிஸ்', 1862. அதில் வரும் பறவைகளை வரைந்தவர் வெப். வீட்டுக்கு வெளியே வளர்ந்தது பல வீடுகளின் சுவருக்குள் போய்ச் சேர்ந்தது.

---

அடுப்படி

எல்லோரும் கூடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் நேராகச் சமையலறைக்குத்தான் போவேன். வீட்டின் குணம் அங்கேதான் தெரியும்.

அந்தக் காலத்து லண்டன் வீடுகளில் சமையலறை எங்கே இருக்கும்? நிலத்துக்கு அடியில். தெருவில் போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும் ஜன்னல். புகையும் ஈரமும் கரப்பானும். அந்த இருட்டில் ஒரு பெண் விடியலுக்கு முன் அடுப்பு மூட்டி இரவு பத்து மணி வரை நிற்பாள். மேலே விருந்தினர் நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

சிவப்பு வீட்டில் சமையலறை தரைத் தளத்தில் இருக்கிறது. பெரிய ஜன்னல். வெளியே தோட்டம் தெரிகிறது. அங்கே நின்றபோது என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். அவருடைய அடுப்படியில் ஓடு ஒன்றைத் தள்ளி வைத்த துளைதான் ஜன்னல். அறுபது ஆண்டு அந்தத் துளை வழியாகத்தான் வானத்தைப் பார்த்தார். வேலை செய்யும் பெண்ணுக்குத் தோட்டம் தெரிய வேண்டும் என்று 28 வயது இளைஞர் ஒருவர் 1859இல் நினைத்திருக்கிறார். எனக்கு அது போதும். கூடம் இருட்டாகவே இருக்கட்டும்.

---

காரைக்கரண்டி

அடுப்படி அம்மாவின் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதவில்லை.

இருந்தாலும் பொறியாளனாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சமையலறை ஜன்னல் மேற்கு பார்த்தது என்று வரைபடத்தில் பார்க்கிறேன். ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பதரைக்குப் பிறகும் அந்தி வெளிச்சம் இருக்கும். அடுப்பின் வெக்கையோடு மேற்கு வெயிலும் சேர்ந்தால் அந்தப் பெண் தோட்டத்தைப் பார்த்து மகிழ்ந்திருப்பாளா, வியர்த்து நனைந்திருப்பாளா? நோக்கம் நல்லது. திசை மறுபடியும் சரியில்லை. கூடத்தைத் தெற்கிலும் சமையலறையைக் கிழக்கிலும் வைத்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

ஆனால் தாழ்வாரம் தம்பி சொன்ன ஜன்னல் வளைவைப் படங்களில் தேடிப் பார்த்தேன். செங்கல்லை அளவாக அடுக்கி ஏற்றிய நேர்த்தி! அந்தக் கொத்தனாரின் கை எனக்குத் தெரிந்த கை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுண்ணாம்புக் காரையில் வளைவு கட்டிய கடைசித் தலைமுறை ஆட்களோடு நின்றிருக்கிறேன். வளைவின் கடைசிச் செங்கல்லைச் செருகும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த அமைதி அந்தப் படத்திலும் எனக்குக் கேட்டது.

---

செங்கற்சுவடி

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி.

நீங்கள் எழுதியவற்றைப் படித்த பிறகு, மாரிஸ் ஏன் அந்த வீட்டை விட்டுப் போனார் என்று தேடிப் படித்தேன். மனம் கனத்துப் போனது. ஐந்து ஆண்டுகள்தான் அங்கே இருந்திருக்கிறார். ஏறத்தாழ 4,000 பவுன் செலவழித்துக் கட்டிய வீடு. குடும்ப வருமானம் செப்புச் சுரங்கப் பங்குகளிலிருந்து வந்தது. அது ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. நிறுவனம் லண்டனில், வீடு கென்ட்டில். அபி வுட் ரயில் நிலையத்திலிருந்து வீடு மூன்று மைல். குதிரை வண்டியில் போக வேண்டும். 1864இல் குளிரில் நனைந்து முடக்குவாதக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார்.

அதே 1864இல் வெப் இன்னொரு வரைபடம் வரைந்திருக்கிறார். பர்ன்-ஜோன்ஸ் குடும்பமும் வந்து குடியிருக்க இன்னொரு கட்டு. அது எழுந்திருந்தால் 'ட' வடிவம் நிறைந்து, நடுவில் கிணறும் நான்கு பக்கமும் வீடுமாக மாறியிருக்கும். ஆனால் பர்ன்-ஜோன்ஸின் மனைவிக்குச் செங்காய்ச்சல் வந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை இறந்தது. நாங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். நோய்ப் படுக்கையிலிருந்து எழுதிய பதிலில், கடிதத்தைப் படித்துத் தாம் அழுததை மாரிஸ் மறைக்கவில்லை. 1865இல் வீட்டைக் கைவிட்டு லண்டன் குயின் ஸ்கொயருக்குப் போனார். அதன் பிறகு ஒருமுறைகூடத் திரும்பி வந்து பார்க்கவில்லை.

கிணற்றடியில் எனக்கு ஏதோ குறைவது போல முதல் நாளே தோன்றியது. கிழக்கும் தெற்கும் திறந்து கிடக்கும் அந்த முற்றம் காத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. இப்போது காரணம் தெரிகிறது.

பொறியாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி: நான்கு பக்கமும் கட்டியிருந்தால் வெளிச்சம் இன்னும் குறைந்திருக்கும் அல்லவா?

---

காரைக்கரண்டி

ஆம். நடைவழிக்கு இப்போது விழும் வெயிலும் பெருமளவு போயிருக்கும். ஆனால் அந்தக் கடிதக் கதையைப் படித்த பிறகு இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

---

மஞ்சிட்டி

நண்பர் செங்கற்சுவடி, அடுத்த முறை போகும்போது மாடிப்படியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கூரையின் உட்பூச்சு ஈரமாக இருந்தபோதே ஊசியால் புள்ளி குத்திக் கோலத்தின் வரைகோட்டைப் பதித்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளைப் பின்தொடர்ந்து யார் வேண்டுமானாலும் வண்ணம் தீட்டலாம். ஓவியம் பழகாத நண்பர்களும் வேலையில் சேர வழி அது. புள்ளி வைத்துக் கோலம் போடும் நமக்கு இது உடனே புரிந்துவிடும்.

படுக்கையறையையும் விடாதீர்கள். அங்கே பெரிய அலமாரி ஒன்றுக்குப் பின்னால் பல ஆண்டுகளாக மறைந்திருந்த சுவரோவியத்தை 2013இல் சுத்தம் செய்து வெளிக்கொண்டு வந்தார்கள். ஆதாம், ஏவாள், நோவா, ராகேல், யாக்கோபு ஆகியோர் வரிசையாக நிற்கிறார்கள். தொங்கும் திரைச்சீலையில் இருப்பது போலவே, துணியின் மடிப்புகளோடு தீட்டியிருக்கிறார்கள். துணி நெய்ய முடியாதபோது சுவரையே துணியாக்கியிருக்கிறார்கள்! பர்ன்-ஜோன்ஸ், ரொசெட்டி, எலிசபெத் சிடல், ஃபோர்ட் மேடாக்ஸ் பிரவுன், மாரிஸ் எனப் பலர் கைகள் அதில் இருப்பதாக அறிஞர்கள் கருதுகிறார்கள்.

வெயில் படாமல் அலமாரியின் மறைவில் கிடந்ததும் அது பிழைத்ததற்கு ஒரு காரணம். வெளிச்சத்தைப் பற்றிய என் வாதத்தை நான் இன்னும் கைவிடவில்லை.

---

பழையகதவு

அந்த வீடு பிழைத்ததற்கு மனிதர்களும் காரணம். மாரிஸுக்குப் பின் பல கை மாறிய வீட்டை 1952இல் கட்டடக் கலைஞர் டெட் ஹாலம்பி இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து வாங்கினார். 1999இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்து பழுது பார்த்தார். 2003இல் பழைய வீடுகளைப் பேணும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. மாரிஸ் ஐந்து ஆண்டு, ஹாலம்பி நாற்பத்தேழு ஆண்டு. வடக்கு பார்த்த அந்தக் கூடத்தில் நாற்பத்தேழு குளிர்காலம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாரிஸும் வெப்பும் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார்கள். பழைய கட்டடத்தைப் "புதுப்பிக்கிறேன்" என்று சுரண்டி எடுக்காதே, ஒழுகும் இடத்தை அடை, உடைந்த ஓடுகளை மாற்று, அன்றாடம் கவனி என்பது அவர்கள் கொள்கை. தாழ்வாரம் அவர்கள் இன்று பழைய சுவர்களில் செய்வது அதே வேலை. "முதல்" என்ற பட்டத்தை விட்டுவிடுவோம். இந்த இழையில் பேசியது எனக்கும் பயனாக இருந்தது.

---

செங்கற்சுவடி

நேற்று மறுபடியும் போனேன். வெயில் நாள். காலை பதினொரு மணிக்கே போய்விட்டேன்.

முதலில் உணவுக்கூடம். பொறியாளர் ஐயா, நீங்கள் சொன்னது சரி. வெளியே அவ்வளவு வெயில் இருந்தும் அறையில் குளிர்ச்சியான சாம்பல் வெளிச்சம். ஆனால் சிவப்பு அலமாரி அந்த வெளிச்சத்தில் கண்ணைக் கூசாமல் ஆழமாகத் தெரிந்தது. மஞ்சிட்டி அவர்கள் சொன்னதும் சரி.

சமையலறையில் ஐந்து நிமிடம் நின்றேன். அடுப்படி அவர்களின் பாட்டிக்காக.

மாடிப்படியில் அண்ணாந்து பார்த்தேன். புள்ளிகள் தெரிகின்றன. ஒரு சிறுமி அவற்றை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள்.

பிறகு கீழ்த்தள நடைவழி. முதல் முறை மேகமூட்டத்தில் கவனிக்காமல் நடந்துவிட்ட இடம் இது. அங்கே முற்றத்தைப் பார்த்த ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடிகள் இருக்கின்றன. பர்ன்-ஜோன்ஸ் வரைந்த 'காதல்', 'விதி' என்ற இரண்டு உருவங்கள். சுற்றிலும் சிறு சிறு சதுரங்களில் பறவைகளும் பூக்களும். மாரிஸ் தமக்கென வைத்துக்கொண்ட பிரெஞ்சு வாசகமும். 'என்னால் முடிந்தால்' என்று அதற்குப் பொருள். தெற்கு வெயில் அந்தக் கண்ணாடிகளின் வழியாக நேரே உள்ளே வந்துகொண்டிருந்தது. சுவரில் பச்சையும் மஞ்சளுமாக நிறங்கள். நடந்து போனபோது என் சட்டைக் கையிலும் விழுந்தன.

நடைவழியில் உட்கார ஓர் இருக்கை இருந்தது. பன்னிரண்டரை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வழிகாட்டி அம்மா இரண்டு முறை கடந்து போனார், எழச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அப்பால் கிணற்றின் கூரை தெரிந்தது. 'விதி'யின் நிறம் சுவரிலிருந்து மெல்ல இறங்கித் தரையில் நகர்ந்தது.